ரத்தமல்ல, கன்னத்துச் செல்கள் போதும்

கேள்வி: எலும்பு மஜ்ஜைக் கொடைக்கு யூதர்கள் தங்கள் சமூகத்திலேயே ஆள் திரட்டுவது ஏன்? பதிவு எப்படி?

பதில்: ரத்தப் பிரிவு இங்கே முக்கியமில்லை, ஹெச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம் பொருந்தவேண்டும். அது பரம்பரையாக வருவது. உடன்பிறந்தவரிடம் முழுதாகப் பொருந்த 25 சதவீதமே வாய்ப்பு. அடுத்த நம்பிக்கை அதே வம்சாவளியினர். நாஜிப் படுகொலையில் 60 லட்சம் யூதர்கள் மாண்டதில் எத்தனையோ குடும்பக் கிளைகள் அற்றுப்போயின. அதனால் பொருத்தம் கிடைப்பது இன்னும் கடினம். அமெரிக்காவின் ஜே ஃபைன்பெர்குக்கு 1991-இல் ரத்தப் புற்றுநோய். பொருத்தமானவர் கிடைத்ததோ 1995-இல், மில்வாக்கியில் நடந்த பதிவு முகாமில்! ஜே தொடங்கியதே ‘கிஃப்ட் ஆஃப் லைஃப்’ எனும் மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம். இஸ்ரேலில் ‘எஸெர் மிட்ஸியோன்’ எனும் தொண்டு நிறுவனம், ராணுவத்தில் சேரும் இளைஞர்களையும் பதிவு செய்கிறது.

பதிவுக்கு ஊசியே இல்லை. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தால் போதும். பிறகு பொருந்தினால், பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டு, கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் ஸ்டெம் செல்லை (ரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்) மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றுவார்கள். எலும்பு வலி வரும். சில நாளில் போய்விடும். சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை.

கைபேசி எண் மாறினால் பதிவகத்துக்குச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காமல் நழுவும் பொருத்தங்கள் உண்டு. மனமில்லையென்றால் முதலிலேயே மறுத்துவிடுங்கள். புது மஜ்ஜை ஏற்றுவதற்காக நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்தபின் நீங்கள் பின்வாங்கினால், அவர் பிழைப்பது அரிது.