முதியோர் இல்லத்தில் டாக்டர் எழுதிய மருந்து ஒழுங்காகப் போகிறதா? சிஸ்டரிடம் கேளுங்கள்

முதியோர் இல்லங்களில் பெற்றோரை விட்டிருப்பவர்களின் கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் பதில் சொல்கிறார்.

மார்த்தாண்டம்காரர், இப்போது துபாயில்: சிஸ்டர், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனபோது டாக்டர் பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இல்லத்தில் பழைய அளவையே கொடுத்திருக்கிறார்கள். தலைசுற்றி விழுந்துவிட்டார். இப்படி எப்படி நடக்கும்?

முதலில் அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், தம்பி. தலையில் அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தத் தவறு பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாளில்தான் நுழைகிறது. புதுச் சீட்டு ஃபைலுக்குள் போய்விடும், மருந்துப் பெட்டியில் பழைய மாத்திரை அட்டை அப்படியே கிடக்கும். இரவு டியூட்டிக்கு வரும் பெண் பெட்டியைப் பார்த்துத்தானே கொடுப்பாள்? அதனால் அன்றைக்கே பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நின்றது, எது மாறியது, எது புதிது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நிறுத்திய மருந்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மருந்து சார்ட்டில் பழைய வரியை அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்குப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். டாக்டர் போனில் அளவை மாற்றினால், கேட்டு எழுதுபவர் அதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும்.

தக்கலை: பாட்டாவுக்கு விழுங்கக் கஷ்டம். எல்லா மாத்திரையையும் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள். சரியா?

சரியில்லை. பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். கஞ்சியில் பாதியை அவர் வைத்துவிட்டால் மருந்திலும் பாதி போச்சு. சிரப்பாகவோ தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விழுங்கக் கஷ்டம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், பக்கவாதம் வந்தவர் என்றால் கட்டாயம்.

குளச்சல்: இன்சுலின் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மாவுக்குச் சாப்பாடு வருகிறது. பெரிய விஷயமா அக்கா?

ஆமாம், பெரிய விஷயம். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் என்றால் தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். வயசானவர் உளறுகிறார் என்று அதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசு பதறுவது அங்கேதான். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 108.

கருங்கல்: அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார் டாக்டர். செய்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

நேரமும் எந்தப் பக்கம் என்பதும் எழுதிய தாளைக் கேளுங்கள். போகும்போது குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் நீங்களே பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது.

நாகர்கோவில்: இதையெல்லாம் கேட்டால் கோபத்தை அம்மாவிடம் காட்டிவிடுவார்களோ?

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது மக்களே. ஆயாவிடம் சத்தம் போடாதீர்கள், பல பேரை ஒற்றை ஆளாகப் பார்ப்பவள் அவள். பொறுப்பாளரிடம் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அப்புறமும் மாறவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.