துப்பாக்கியைக் காக்கவைத்த கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவகோட்டையில் வீட்டை ஒழுங்கு செய்தபோது, ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஒரு பழைய போட்டோ கிடைத்தது. கை கட்டப்பட்ட பர்மாக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே சிப்பாய்கள், துப்பாக்கியோடு. பிரேம் போட்டு முகப்பில் மாட்டலாம் என்றேன். மகள் கூடாது என்கிறாள். நடந்ததைத்தானே காட்டுகிறது, இதில் என்ன தப்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகள் பக்கம். நடந்ததைத்தான் காட்டுகிறதா என்பதில்தான் சிக்கலே.

1885 நவம்பரில் ஆங்கிலேயர் பர்மா மன்னரின் தலைநகரான மண்டலேயைப் பிடித்தார்கள். அங்கே கைதிகளுக்குப் பொறுப்பான ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். நம் சென்னைப் படைக்காரர். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டிவைத்துப் படம் எடுத்தவரும் இவர்தான். மண்டலேயில் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லிப் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு பாயும் நொடியைப் பிடித்துவிட வேண்டும் என்று ஹூப்பருக்கு ஆசை. சிப்பாய்கள் குறிபார்த்தாயிற்று, கேமரா தயாராகும்வரை 'சுடு' என்ற உத்தரவு மட்டும் வரவில்லை. 1886 ஜனவரியில் லண்டன் டைம்ஸில் செய்தி வந்து, பார்லிமெண்டில் கேள்வி எழுந்து, விசாரணையும் நடந்தது. மனுஷன் கண்டனத்தோடு தப்பித்துக்கொண்டார். உங்கள் போட்டோவும் அவர் எடுத்ததாக இருக்கலாம்.

அந்தக் கேமரா ஓரமாக நின்ற சாட்சி இல்லை. சாவையே கொஞ்சம் நிற்கச் சொன்னது. சுவரோரம் நின்றவனுக்கு அந்த நேரம் எவ்வளவு நீளம்!

எல்லாக் கைதிப் படமும் இப்படி இல்லை. 1864-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தெற்கத்திச் சிறைகளிலிருந்து திரும்பிய வடக்கு வீரர்களை விலா எலும்பு தெரியப் படம் எடுத்தார்கள். பிரசாரத்துக்கும் பயன்பட்டது, உண்மைதான். ஆனால் எடுத்தவன் அவர்களை மெலியவைக்கவில்லை.

அப்புறம், முகப்பு. வந்தவர்களை 'வாங்க' என்று உட்காரவைக்கிற இடம் அது. தூண்கள் பர்மாத் தேக்குதானே? மண்டலேயைப் பிடித்த அந்தச் சண்டைக்கு ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட சாக்கே, தேக்கு வெட்டிய பம்பாய்-பர்மா கம்பெனிக்கு பர்மா மன்னர் தீபாவின் அரசு போட்ட அபராதம்தான். உங்கள் தூண் அந்தக் கணக்கில் வந்தது என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தூணில் அந்தப் படமா?

கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ, ஐயாவின் கையெழுத்தோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எனக்கும் அனுப்புங்கள், பின்பக்கத்தை மட்டும்.