பப்ளிக் ஸ்கூலும் வீட்டு முகவரியும்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நியூ ஜெர்சியில் வீடு தேடுகிறீர்கள், மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், யாரைக் கேட்டாலும் "முதல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைப் பாருங்க" என்கிறார்கள், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை அந்தப் பக்கம் ஒரு வாடகை, பப்ளிக் ஸ்கூல் என்ற இலவச அரசுப் பள்ளி என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுபோல்தானே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் சென்னையில் இருக்கும் ஒரு துறை ஆசிரியரையும் நியமிக்கும், பாடநூலையும் அச்சடிக்கும். இங்கே இரண்டையும் முடிவு செய்வது அந்தந்த ஊரின் ஸ்கூல் போர்டு. பெரும்பாலும் தேர்தலில் நின்று வந்த உள்ளூர்க்காரர்கள், சம்பளமும் கிடையாது. ஒரு போர்டு பள்ளி நடத்தும் எல்லைதான் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000. பள்ளிச் செலவில் மத்திய அரசு கொடுப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

இந்த ஏற்பாடு நாடு பிறப்பதற்கு முன்பே வந்தது. 1647-இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: 50 குடும்பம் இருக்கும் ஊர் எழுத்தும் வாசிப்பும் சொல்லித்தர ஒருவரை வைக்க வேண்டும், 100 குடும்பம் ஆனால் ஹார்வர்டுக்குத் தயார் செய்யும் பள்ளியே நடத்த வேண்டும். பிள்ளைகள் பைபிளைத் தாங்களே படித்தால்தான் சாத்தானிடம் ஏமாற மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஊர்தான் பள்ளிக்குப் பொறுப்பு என்பது அன்றே வேர்பிடித்துவிட்டது. அப்புறம் 1837-இல் அதே மாநிலத்தின் கல்வி வாரியச் செயலாளராக வந்த ஹோரஸ் மன், பணக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பள்ளியில், வரிப் பணத்தில் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கட்டாயக் கல்விச் சட்டமும் முதலில் அங்கேதான், 1852-இல். கடைசியாக மிசிசிப்பி 1918-இல் கொண்டுவந்தது.

வரி என்றால் பெரும்பாலும் சொத்து வரி. வீடு வாங்கினால் உங்களுக்கும் அந்த பில் வரும், பிரித்துப் பாருங்கள்: கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) இவ்வளவு, நகராட்சிக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும், பல ஊர்களில் பள்ளிக்குப் போவதுதான் பெரிய தொகை. வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் அதையும் வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். வீட்டு விலை அதிகமுள்ள ஊர் குறைந்த வரி விகிதத்திலேயே நிறையப் பணம் திரட்டிவிடும், ஏழை ஊர் எவ்வளவு கூட்டினாலும் கொஞ்சம்தான் சேரும். டெக்ஸஸின் சான் அன்டோனியோவில் 1960-களின் கடைசியில் எட்ஜ்வுட் என்ற மெக்சிகோ வம்சாவளியினர் பகுதி கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது, பக்கத்தில் ஆலமோ ஹைட்ஸ் குறைந்த விகிதத்தில் 333 டாலர் திரட்டியது. பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள். கல்வி அமெரிக்க அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை ஆகாது என்று அதில் சொல்லிவிட்டார்கள், எனக்கு இன்றும் ஆறாத தீர்ப்பு அது.

கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பது செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வந்தது, 1957-இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் போக ராணுவம் வர வேண்டியிருந்தது, இதெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாதது 1974-இல் டெட்ராய்ட் வழக்கில் வந்த தீர்ப்பு. நகரப் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைக் கலக்க டிஸ்ட்ரிக்ட் எல்லையைத் தாண்டக் கூடாது என்றார்கள். அந்தக் கோடுதான் உங்கள் வாடகையில் தெரிகிறது. பள்ளிகளுக்கு ரேட்டிங் என்று வலைத்தளங்கள் போடும் எண்ணும் பெரிய அளவில் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான், அதில் பெற்றோரின் வருமானமும் படிப்பும் நிறையவே கலந்திருக்கிறது. ஆசிரியர் எப்படி என்று அது சொல்லாது.

நியூ ஜெர்சி இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 5 முதல் 18 வயது வரை எல்லாருக்கும் முழுமையான இலவசப் பள்ளி என்பது 1875 முதல் மாநில அரசமைப்பிலேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேம்டன், ஜெர்சி சிட்டி போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டு, ஏழை நகரங்களிலும் பணக்காரப் புறநகர்களுக்குச் சமமாக மாநிலம் செலவழிக்க வேண்டும் என்று 1990-இல் தீர்ப்பு வாங்கினார்கள். 1998-இல் வந்த தீர்ப்பால் அந்த ஊர்களில் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு இலவச ப்ரீஸ்கூலும் கிடைத்தது. ஜெர்சி சிட்டியில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர் இதைத் தெரியாமல் டேகேருக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். "இங்கிலீஷ்னு மட்டும் போட்டுடுங்க, இல்லன்னா பிள்ளையைத் தனியா உட்கார வைப்பாங்க" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நாங்கள் தமிழ் என்றே எழுதினோம். என் மகனைத் தினமும் சிறிது நேரம் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய், குஜராத்தி, ஸ்பானிஷ், கொரியன் பேசும் பிள்ளைகளோடு உட்காரவைத்துப் படம் காட்டிப் பேசவைத்தார் ஒரு டீச்சர். பேசப் பயந்த பையன் வசந்த காலத்துக்குள் வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தான். அந்த உதவி சும்மா வந்ததில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்காடி 1974-இல் ஜெயித்ததால் வந்தது. கற்றல் குறைபாடோ உடல் குறைபாடோ இருந்தால் பள்ளி தனித்திட்டம் போட்டுத்தர வேண்டும் என்பதும் 1975 சட்டம், தேவைப்பட்டால் கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். விசா நிலையைச் சொல்லச் சொல்லிச் சேர்க்கையை நிறுத்த முடியாது, 1982-இல் டெக்ஸஸ் வழக்கில் அதுவும் முடிவாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, லீஸ் என்ற வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் இருந்தால் பெரும்பாலும் போதும்.

ஒன்று மட்டும் கவனம். அஞ்சல் முகவரியில் பிரின்ஸ்டன் என்று இருக்கும், வீடு வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும், பள்ளியும் அந்த டிஸ்ட்ரிக்டில்தான் கிடைக்கும். ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் எந்த எலிமென்டரி (தொடக்கப் பள்ளி) என்பது தெருவைப் பொறுத்தது. லீஸில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டு, கதவு எண்ணோடு முகவரியைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.