சாணிக் காளானும் ஐஸும்

அண்ணாவுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 24 வயது. இரண்டு வருடமாக ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறான். தோணியை விற்றுவிட்டான். இப்போது கூரைக்கு மேல் யாரோ நிற்கிறார்கள் என்று இரவிரவாக முழித்திருக்கிறான். அம்மா பரிசாரியிடம் கூட்டிப்போய் நூல் கட்டிப் பார்த்தா, பலனில்லை. வெளிநாட்டில் மேஜிக் காளான் மருந்தை ஒரே தடவை கொடுத்து ஐஸை விடவைக்கிறார்களாம், வீடியோ பார்த்தேன். படுவான்கரையில் மாட்டுச் சாணியில் முளைப்பதும் அதுதான், எடுத்துத் தருகிறேன் என்கிறான் தம்பியின் கூட்டாளி. கொடுத்துப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி)

தங்கச்சி,

கொடுக்க வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

வீடியோ முழுப் பொய் இல்லை. மேஜிக் காளானில் உள்ள, மனதை மயக்கும் சைலோசைபின் என்ற பொருளை சிட்னி சென்ட் வின்சென்ட் வைத்தியசாலையில் ஐஸ் பாவிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சின்னச் சோதனை, மருந்து கொடுக்காத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் காட்டும் பெரிய வெற்றி சிகரெட்டில்தான். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 15 பேரில் 12 பேர் ஆறு மாதத்தின் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். ஆனால் அது 15 வாரத் திட்டம். மருந்து கொடுத்தது அதில் இரண்டு மூன்று நாள் மட்டும். மற்ற வாரமெல்லாம் உட்கார்ந்து பேச்சுத்தான். அவுஸ்திரேலியா 2023 ஜூலையில் மனச்சோர்வுக்குச் சைலோசைபினை அனுமதித்தபோதும் போதைப் பழக்கத்தை அதில் சேர்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கூரை வரிதான். ஐஸ் கூடினால் இல்லாத ஆள் தெரியும், காதில் பேச்சுக் கேட்கும். இந்த வகைச் சோதனைகளில் மனப்பிறழ்வு கண்டவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை, மருந்து அதைக் கிளப்பிவிடும் என்ற பயம். உங்கள் தம்பியை அந்த டாக்டர்மாரே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதுபோக, காளான்களில் ஈரலைக் கெடுப்பவையும் உண்டு. எடுத்து வரும் கூட்டாளியும் பாவிப்பவன்தானோ என்று எனக்கொரு சந்தேகம், தவறென்றால் மன்னியுங்கள்.

சரி, என்னதான் வழி? ஐஸை விடுவதற்கென்று அங்கீகரித்த மாத்திரை இன்றைக்கு இல்லை. நல்ல பலன் காட்டியதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: சிறுநீர்ச் சோதனையில் ஐஸ் இல்லையென்றால் அன்றைக்கே கையில் ஒரு சின்னப் பரிசு. அமெரிக்க முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் 2011 முதல் இதைச் செய்கிறார்கள். நம் ஊரில் நேரெதிர். தவறின நாளில் சொந்தமெல்லாம் கூடி ஏசும், தவறாத நாளை ஒருத்தரும் காண்பதில்லை.

என் மருமகன் ஒருவன் விட்டபோது முதல் மூன்று நாளும் நித்திரை, எழும்பினால் பானைச் சோறு. தப்பிவிட்டான் என்று கோயிலில் பொங்கல்கூட வைத்தோம். மூன்றாம் கிழமைதான் எல்லாம் தொடங்கியது. எதிலும் ருசியில்லை, யாரோடும் பேச்சில்லை, ஒரு நாள் சாகப்போகிறேன் என்றான். அந்தக் கிழமைகளில் ஆளைத் தனியே விடக் கூடாது. எங்களுக்கு அப்போது அது தெரியாது.

நாளைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஐஸை விடப்போவோம் என்றால் வரமாட்டான். நித்திரைக்கு மருந்து எடுப்போம் என்று கூப்பிடுங்கள், அது பொய்யும் இல்லையே. கூரைக் கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாகிற பேச்சு எடுத்தால் இரவென்றும் பாராமல் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணுக்கு எடுங்கள். அப்புறம், அம்மா கட்டின நூல் கையில் கிடந்துவிட்டுப் போகட்டும். அதைக் கழற்றச் சொல்லி ஒரு சண்டை வேண்டாம்.