மட்டம் தட்டும் மூத்த ஆசிரியை: இடமாற்றம் கேட்டுவிடலாமா?

கேள்வி: மலையகத்தில் ஓர் அரச தாதியர் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊர் ஹற்றன் பக்கம். கூட்டங்களில் நான் வாய் திறந்தாலே ஒரு மூத்த ஆசிரியை குறுக்கிடுகிறார். என் வகுப்பு நேரத்தை மாற்றிவிட்டு எனக்குச் சொல்வதில்லை. மாணவிகள் முன்னால், "தோட்டத்துல இருந்து வந்தவங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்றார். எட்டு மாதமாக வாராவாரம் ஏதாவது ஒன்று. அதிபரோ, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க மிஸ்" என்கிறார். இடமாற்றம் கேட்டுவிடவா?

பதில்: இப்போதே கேட்காதீர்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், நடந்தது எதுவுமே உங்கள் கோப்பில் இருக்காது.

குறுக்கே பேசுவது மரியாதைக் குறைவு. அதையே விடாமல் ஒருவர் மேல் செய்துகொண்டிருந்தால் அது கொடுமைப்படுத்தல். சுவீடனில் இதை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரம் ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால் என்று அளவு வைத்தார். அது சட்டம் இல்லை, ஆனால் உங்கள் எட்டு மாதம் அதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தைப் பற்றிய பேச்சுதான் உங்களுக்கு அதிகம் வலித்திருக்கும். ஆனால் நான் முதலில் பிடிப்பது நேர அட்டவணையை. அது உங்களை வேலை தெரியாதவராகக் காட்டுகிறது, நிரூபிக்கவும் எளிது.

எழுதி வையுங்கள். 'நோயாளி பிடிவாதக்காரர்' என்று எழுதாதே, 'மாத்திரையை மறுத்தார்' என்று நேரத்தோடு எழுது என்று மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் நீங்கள். இங்கேயும் அதேதான். 'திமிராகப் பேசினார்' வேண்டாம். திகதி, நேரம், சொன்ன சொல், யார் இருந்தார்கள், வகுப்புக்கு என்ன பாதிப்பு, அவ்வளவு போதும். மாணவிகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், பாவம், அவர்களின் புள்ளிகள் அந்த ஆசிரியையின் கையிலும் இருக்கின்றன.

அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான். 2004 இல் அமெரிக்கத் தாதி மார்த்தா கிரிபின், புதிய தாதியருக்கு இதற்கான பதில்களைச் சிறிய அட்டையில் கொடுத்து முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வைத்தார். நீங்களும் ஒன்றைத் தயார் செய்யுங்கள்: "மிஸ், நான் முடிச்சிடுறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க." கூட்டம் சிங்களத்தில் நடக்கிறதென்றால் சிங்களத்திலேயே வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அட்டவணை விஷயத்துக்கு வாய்ப்பேச்சு வேண்டாம். அன்றைக்கே வாட்ஸ்அப்பில், "இன்று 10 மணி வகுப்பு மாறியது எனக்கு அறிவிக்கப்படவில்லை" என்று அனுப்புங்கள், அதிபருக்கும் சேர்த்து.

அதிபரிடம் மறுபடி போகும்போது எழுத்தில் போங்கள். அந்த ஆசிரியையின் குணத்தைப் பேசினால் 'அனுசரிச்சுப் போங்க' தான் திரும்பி வரும். 'அட்டவணை மாற்றம் முதல் நாளே எழுத்தில் வர வேண்டும்' என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபால். தொழிற்சங்கத்துக்கும் ஒரு பிரதி.

பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை தடுக்கிறது. ஒரு சக ஊழியரின் பேச்சை மட்டும் வைத்து அடிப்படை உரிமை மீறல் என்று வழக்குப் போடுவது கடினம். எழுதிக் கொடுத்த பிறகும் நிர்வாகம் கண்டுகொள்ளாவிட்டால் உங்கள் கை வலுக்கும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் அலுவலகங்கள் உண்டு. உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே சட்டத்தரணியைச் சீக்கிரம் பாருங்கள். (பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர்கள் கவனிக்க: 1998 இன் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் மாணவரோடு பணியாளரையும் சேர்த்தே காக்கிறது.)

தூக்கம் கெட்டிருந்தால் 1926 க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

இரண்டு மூன்று மாதத்திலும் எதுவும் அசையவில்லை, உடம்பும் தாங்கவில்லை என்றால், சரி, இடமாற்றம் கேளுங்கள். காரணம் என்ற இடத்தில் உங்கள் முறைப்பாட்டின் திகதியைக் குறிப்பிட்டு, பிரதியையும் இணைத்துவிடுங்கள்.