லாக் புக் பேசும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பத்தோரு வருஷம் டிக் அடித்தே தேய்ந்த விரல் என்னுடையது. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அரசு வண்டிகளைப் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க வண்டிதான்.)

எங்கள் ஊரில் குப்பை அள்ள பேட்டரி வண்டிகள் வாங்கினார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பாதி வண்டி கொட்டகையில் நிற்கிறது. விலையில் ஊழல் என்று ஊரே பேசுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், கடலூர் மாவட்டம்

எல்லாரும் விலையில்தான் தொடங்குகிறார்கள். நான் அங்கே கடைசியில் போவேன். விலையில் திருடுவது கத்துக்குட்டி வேலை. நாலு இடத்தில் விசாரித்தால் மாட்டிக்கொள்ளும். கைதேர்ந்தவர்கள் கை வைப்பது இரண்டு இடத்தில்: வண்டி வருவதற்கு முன்பு ஸ்பெசிபிகேஷனில், வந்த பிறகு, வண்டியின் ஓட்டத்தைப் பதியும் லாக் புக்கில்.

முதலாவதைச் சொல்கிறேன். எத்தனை குதிரைசக்தி, தொட்டி எவ்வளவு நீளம், பேட்டரி என்ன ரகம் என்று டெண்டருக்கு முன்னால் ஒரு தாள் தயாராகும். ஒரு அலுவலகத்தில் தண்ணீர் லாரித் தொட்டிக்கான கோப்பைப் பார்த்தேன். நீளம், அகலம், வால்வின் அளவு எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக எழுதியிருந்தது. இவ்வளவு கெட்டிக்கார குமாஸ்தா யாரடா என்று வியந்துபோனேன். அப்புறம் டெண்டரில் ஜெயித்த கம்பெனியின் கேட்லாக் அதே கோப்பில் பின்னால் இருந்தது. அதே அளவுகள், அதே வரிசை. கேட்லாக்கில் இருந்த ஒரு எழுத்துப்பிழைகூட ஸ்பெசிபிகேஷனில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையை முடிவு பண்ணிவிட்டு ஜாதகம் எழுதிய கதை. டெண்டரில் தொழில்நுட்பத் தகுதிக்கு ஒரு உறை, விலைக்கு ஒரு உறை. முதலாவதில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். விலை உறையைப் பிரித்தபோது எல்லாம் சட்டப்படிதான் நடந்தது, ஏனென்றால் மற்ற இரண்டு பேரும் தொழில்நுட்ப உறையிலேயே கழிந்துவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் தாள் ஸ்பெசிபிகேஷன், அதோடு அதை யார் எந்தத் தேதியில் ஒப்புதல் கொடுத்தார் என்ற குறிப்பு. இரண்டாவது, டெண்டர் விளம்பரம் வந்த தேதியும் கடைசித் தேதியும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். அதன் விதிப்படி 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் காரணத்தை எழுதி மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு நடுவில் ஏழு நாள் அவகாசத்தில் ஒரு டெண்டர் முடிந்திருந்தால் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன். மூன்றாவது, விலை ஒப்பீட்டுப் பட்டியல். நான்காவது, வண்டி வந்து இறங்கியபோது யார் சோதித்துப் பார்த்தார் என்ற அறிக்கை. வாங்கியது பத்து வண்டி, வந்தது மூன்று சார்ஜர் என்றால் கொட்டகையில் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

லாரி, குப்பை வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவற்றில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சேசிஸ், அதாவது இன்ஜினோடு வரும் அடிச்சட்டம், ஒரு கம்பெனியிடம்; அதன்மேல் பாடி கட்டுவது வேறொருவரிடம். சேசிஸ் விலை ஊரறிந்தது. பாடிக்கு அப்படி ஒரு விலை கிடையாது, தகட்டின் கனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன கனமும் வண்டியில் இருக்கும் கனமும் ஒன்றா என்று அளந்து பார்த்த அதிகாரியை என் சர்வீஸில் இரண்டு பேரைத்தான் பார்த்தேன்.

இதையெல்லாம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறலாம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களைக் கேட்கக் கூடாது. ஆனால் "ஏன் இந்தக் கம்பெனிக்குக் கொடுத்தீர்கள்?" என்று நீங்களும் கேட்காதீர்கள். சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. "இன்ன கோப்பின் நகல் தேவை, கோப்பை நேரில் பார்வையிடவும் விரும்புகிறேன்" என்று எழுதுங்கள். நேரில் பார்ப்பது ரொம்ப முக்கியம். நகல் எடுத்துத் தருபவர் எதை விடுவார் என்று தெரியாது, கோப்பின் ஓரத்தில் பென்சிலில் எழுதியது நகலில் விழவும் விழாது. "வணிக ரகசியம்" என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால் பயப்படாதீர்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. மேல்முறையீட்டில் அந்த வரியை எடுத்து எழுதுங்கள்.

ஒன்று மட்டும். வண்டி நிற்பதாலேயே ஊழல் என்று ஆகிவிடாது. ஓட்டப் பழகிய ஆள் இல்லாமலும் நிற்கும், பேட்டரிக்கான வாரண்டிக் கடிதத்தை யாரும் அனுப்பாமலும் நிற்கும். கோப்பைப் பார்த்த பிறகு டீக்கடையில் பேசுங்கள்.

லாக் புக் லாக் புக் என்று போன இதழிலும் சொன்னீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– பண்ருட்டி வாசகி

தனியாகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தேதி, புறப்பட்ட இடம், போன இடம், மீட்டர் ரீடிங், போட்ட டீசல், கையெழுத்து. அழகாக, ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியதுபோல் இருக்கும். சில நேரம் நிஜமாகவே ஒரே நாளில் எழுதியதாகத்தான் இருக்கும்.

வேறொரு பீரோவில் இருக்கும் தாளை அதன் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது பேசும். ஒரு முறை ஜீப் ஒன்று கடலூரிலிருந்து உங்கள் ஊருக்கு ஒரே நாளில் மூன்று நடை போய் வந்ததாக இருந்தது. போய்வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் என்றால் மூன்று நடைக்கு எவ்வளவு டீசல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பலாப்பழ சீசன், சரி, நல்ல காரணம் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பழுது நீக்கும் பில் கட்டில் அந்த ஜீப்புக்கு கிளட்ச் பிளேட் மாற்றிய பில் ஒன்று இருந்தது. வண்டி பணிமனையில் நின்ற தேதி அதே தேதி. கிளட்ச் இல்லாமல் மூன்று நடை! அன்று மதியம் சாப்பாடு எனக்கு ரொம்ப ருசித்தது.

பீகார் கால்நடைத் தீவன ஊழலிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். 1996இல் வெடித்த வழக்கு. மாடுகளை ஏற்றிய லாரி என்று பில்லில் எழுதிய எண்களைச் சரிபார்த்தால் அவற்றில் ஸ்கூட்டர் எண்ணும் இருந்தது. அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு அலைய வேண்டும். இன்றைக்கு உங்கள் கைபேசியில் எம்பரிவாகன் செயலி இருக்கிறது. எண்ணைத் தட்டினால் அது என்ன வண்டி, எப்போது பதிவானது என்று வந்துவிடும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டதே, அதுபோன்ற நேரங்களில் வாடகை லாரி பில்கள் மூட்டை மூட்டையாக வரும். அவசரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். அடுத்த புயலுக்கு நீங்கள் பாருங்கள்.

நான் முதலியார்பேட்டை. நீங்கள் எப்போதும் தமிழ்நாட்டு விதியையே சொல்கிறீர்கள். புதுச்சேரிக்கு என்ன?
– புதுச்சேரி வாசகர்

நியாயமான கோபம். முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மட்டுமல்ல, புத்தகமும் மாறிவிடுகிறது. உங்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் கிடையாது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளைத்தான் பார்க்க வேண்டும். 2016இல் தொடங்கிய ஜெம் என்ற அரசு மின்சந்தையில் வாங்குவது அந்த விதியில் வருவது. தேவையைத் துண்டு துண்டாக வெட்டி, பெரிய டெண்டரைத் தவிர்ப்பதை அதே விதிகள் தடுக்கின்றன.

தகவல் உரிமை இரண்டாம் மேல்முறையீடு எங்களுக்கு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். உங்களுக்கு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். புலனாய்வும் அப்படியே. மாநிலத்துக்குள் வந்து விசாரிக்க சிபிஐக்குக் கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. யூனியன் பிரதேசமான உங்கள் ஊருக்கு வர அவர்களுக்கு அந்த ஒப்புதலே தேவையில்லை. இதில் யாருக்கு லாபம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராணுவ லாரிக்கு 14 கோடி லஞ்சம் என்று ஒரு தளபதியே சொன்னாராமே? தளபதிக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

டாட்ரா லாரி விவகாரம். தரம் குறைந்த 600 வண்டிகளுக்கு ஒப்புதல் தர 2010இல் தன்னிடம் 14 கோடி ரூபாய் பேரம் பேசப்பட்டது என்று தரைப்படைத் தளபதி வி.கே. சிங் 2012 மார்ச்சில் சொன்னார். பெரிய புயல். சிபிஐ வழக்குப் பதிந்தது. லாரிகளை ராணுவத்துக்குக் கொடுத்து வந்த பொதுத்துறை நிறுவனமான பெமலின் தலைவர் அந்த ஆண்டே இடைநீக்கம் செய்யப்பட்டார். 1986இல் செக்கோஸ்லோவாக்கியாவோடு தொடங்கிய கொள்முதல் அது. தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்காமல் நடுவில் ஒரு லண்டன் கம்பெனி எப்படி நுழைந்தது என்பது குற்றச்சாட்டின் மையம். அந்த லாரிகளில் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் எத்தனை வருஷம் அப்படியே ஓடியது பாருங்கள்!

எனக்கு அதில் மறக்காத இடம் வேறு. தளபதி தன்னிடம் வாய்மொழியாகச் சொன்னார், நடவடிக்கை எடுங்கள் என்றேன், ஆனால் அவர் இதை மேலே கொண்டுபோக விரும்பவில்லை என்று பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் சொன்னார். எழுத்தில் புகார் இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் ஆட்களைக் கொண்ட படையின் தலைவர், பேரம் நடந்த அன்று மாலையே ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டிருந்தால் கதையே வேறு. தம்பி, நீங்கள் எம்மாத்திரம் என்றா கேட்டீர்கள்? அந்த ஒரு விஷயத்தில், பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட்ட எங்கள் திருப்பாதிரிப்புலியூர் தையல்கார அம்மாள் தளபதியைவிட ஒரு படி மேல்.

ஆட்சி மாறினால் கார் மாறுகிறதே, ஏன்?
– விருத்தாசலம் வாசகர்

பழைய காரில் பழைய ராசி ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற பயம்தான். கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பழைய காரைக் கழிவு செய்த உத்தரவு எங்கே, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது? 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதைச் சாக்காக வைத்து ஆறு வயசு காரையும் கிழவனாக்கிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டைக் கடுதாசி போட்டால் எடுத்துக்கொள்வார்களா? பெயர் போட பயமாக இருக்கிறது.
– பெயர் இல்லை (பொருத்தம்தான்)

மத்திய கண்காணிப்பு ஆணையம் பெயரில்லாப் புகார்களை எடுப்பதில்லை. மற்ற இடங்களிலும் பெரும்பாலும் குப்பைக்கூடைதான். உங்கள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நெடுஞ்சாலைத் திட்ட முறைகேட்டை எழுதிக் கொடுத்த பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் தருபவரைக் காக்க 2014இல் சட்டம் நிறைவேறியது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் புகாராகப் போகாமல் ஆவணமாகப் போங்கள். தாளும் எண்ணும் தேதியும் கையில் இருந்தால், அதைத் தணிக்கையிடம் சேர்க்கவோ, சட்டமன்ற உறுப்பினரைக் கொண்டு கேள்வியாகக் கேட்க வைக்கவோ வழி உண்டு. கொடுத்தது யார் என்பதே அங்கே விஷயம் இல்லை.

நான் அரசு ஜீப் ஓட்டுநர். அதிகாரி குடும்பத்தோடு சில்வர் பீச் போகிறார். லாக் புக்கில் "கள ஆய்வு" என்று எழுதச் சொல்கிறார். எழுதாவிட்டால் தூக்கியடித்துவிடுவார். என்ன செய்ய?
– கடலூர்

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தணிக்கையில் முதலில் மாட்டுவது ஓட்டுநர்தான். அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார், கையெழுத்து உங்களுடையது. வீரம் காட்டச் சொல்ல மாட்டேன், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "கள ஆய்வு" என்று உங்கள் கையால் எழுதாதீர்கள். தேதி, நேரம், மீட்டர் ரீடிங், "மஞ்சக்குப்பம் – தேவனாம்பட்டினம்" என்று போன இடத்தை மட்டும் எழுதுங்கள். பயண நோக்கம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, பயணம் செய்தவர்தான் அதை நிரப்ப வேண்டும் என்று பணிவாக நீட்டுங்கள். அவர் கையெழுத்தில் அவரே எழுதட்டும். பெரும்பாலும் அங்கேயே பேனா தயங்கும்.

அதோடு இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். நாளைக் காலையில் வண்டி எடுக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறதோ, அதுதான் முதல் வரி.