நடுங்கும் கோட்டை அழிக்க வேண்டாம்

ஐயா, வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். கொதிநீர் அணு உலை ஒன்றின் நியூட்ரான் பதிவைப் பாடத்தில் காட்டினார்கள். ஆற்றல் நிலையாக இருந்தும் கோடு நடுங்கியது. சராசரி எடுத்து இந்த இரைச்சலை நீக்கினால் என்ன? அது ஆபத்தின் அறிகுறியா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள வாசகருக்கு,

ஏறத்தாழ 70 பார் அழுத்தத்தில், 286 டிகிரி செல்சியஸில் உலைக்குள்ளேயே தண்ணீர் கொதிக்கிறது. நீராவிக் குமிழி கடக்கும் இடத்தில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் நீர் குறைகிறது, கோடு நடுங்குகிறது. நடுங்காவிட்டால்தான் அளவியைச் சந்தேகிக்க வேண்டும்.

சராசரியைக் கழியுங்கள், மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 20 மாதிரி வீதம் பத்து நிமிடம் பதிந்து, மெல்ல நகரும் போக்கையும் நீக்குங்கள். ஒரே குழாயில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு அளவிகளை ஒப்பிடுங்கள். கீழே கடந்த குமிழி மேலே தாமதமாகத் தெரியும். இடைவெளி 0.9 மீட்டர், தாமதம் 0.3 விநாடி என்றால் நீராவியின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். 1 ஹெர்ட்சுக்கு மேல், அதாவது விநாடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களைப் பாருங்கள். அதற்குக் கீழே உலை முழுவதும் சேர்ந்து ஆடுவது இதை மறைத்துவிடும்.

ஆபத்து அந்தக் கீழ்ப்பகுதியில்தான், 0.5 ஹெர்ட்சை ஒட்டி. குமிழி கூடினால் ஆற்றல் குறையும். ஆனால் எரிபொருளின் வெப்பம் நீருக்கு வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். திருத்தம் தாமதமாக வருவதால் ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளியது போலாகிவிடும். நீரோட்டம் குறைந்து ஆற்றல் உயர்ந்திருக்கும்போது இது மோசம். 1988 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் லாசால் 2 உலையில் நீரை ஓடவைக்கும் சுழற்சிப் பம்புகள் இரண்டும் நின்றன. 2, 3 விநாடிக்கு ஒருமுறை ஆற்றல் ஏறி இறங்கியது. முழு ஆற்றலின் 118 விழுக்காட்டில் உலை தானாக அணைந்தது.

அலையின் அடுத்தடுத்த உச்சங்களின் விகிதம், அதாவது தணிவு விகிதம், 0.5 என்றால் ஆட்டம் ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. 1-ஐத் தொட்டால் அடங்காது. குறுகிய பதிவில் இந்த எண் தாறுமாறாக வரும். ஒரு நிமிடப் பதிவை நம்பாதீர்கள்.

சராசரியில் இன்னொரு பொறியும் உண்டு. உலையின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கினால், கூட்டிய கோடு அமைதியாகவே தெரியும். 1984இல் இத்தாலியின் கவோர்சோ உலையில் இவ்வகை ஆட்டம் பதிவானது. ஆகவே ஒவ்வோர் அளவியையும் தனித்தனியே பாருங்கள்.

சிறு உலைகளைப் பற்றி இங்கே பேச்சு எழுகிறது. பிடபிள்யூஆர்எக்ஸ்-300 என்ற சிறிய கொதிநீர் உலை வடிவமைப்பில் சுழற்சிப் பம்பே இல்லை, இயற்கை ஓட்டம்தான். பம்பு நின்றுபோகும் கவலை போகும். தணிவு விகிதத்தைக் கேட்கும் தேவை போகாது.